கல்லடிக்குத் தப்பியவை கண்ணடிக்குத் தப்புமா?
(பண்டைப் பாறை ஓவியங்களும் அவற்றைப் பார்க்கச் செல்வோரும்)

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படலாகாது" என்பது எம் முதியோர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. குழந்தையின் கன்னத்திற் கறுப்புப் பொட்டு இடும்போதும், காய்த்துக் குலுங்கும் தோட்டத்தில் வெருளி கட்டும்போதும் அவர்கள் இதனைச் சொல்வர். இதனை மூடநம்பிக்கை என்று நகைக்கும் இளைஞரும் உளர். கண்ணூறு என்பது உண்டோ இல்லையோ என்னும் வாதத்துள் நாம் ஈண்டுப் புகவில்லை. ஆயின், இப்பழமொழி சொல்லுக்குச் சொல் மெய்யாகிப்போன இடம் ஒன்று உலகில் உண்டு. ஏறக்குறையப் பதினேழாயிரம் ஆண்டுகளாக மலையின் வயிற்றில் மங்காதிருந்த ஓவியங்கள், மனிதர் ஆசையோடு வந்து பார்த்த பதினைந்தே ஆண்டுகளில் நோயுற்றன. பகைவர் எவரும் அவற்றின்மீது கைவைக்கவில்லை. பார்க்க வந்த அன்பர்களின் மூச்சே அவற்றுக்கு நஞ்சாயிற்று.

பண்டையோர் பாறையில் வரைந்துவைத்த செல்வங்களைப் பொதுமக்கள் சென்று காண்பதால் விளையும் நன்மை தீமைகள் யாவை? தீமை உண்டென்றால் வாசலை அடைத்துவிடுவதே முறையா? அடைத்தால் யாருக்கு அடைப்பது, யாருக்குத் திறப்பது? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். பாடசாலைகளும் இளைஞர் சங்கங்களும் ஆண்டுதோறும் பஸ்வண்டிகளில் இளைஞரை ஏற்றிக்கொண்டு சீகிரியாவுக்கும் பிற தொன்மை இடங்களுக்கும் செல்லும் இந்நாட்டில், இவை வெளிநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கத்தக்கன அல்ல.

நான்கு இளைஞரும் ஒரு குழியும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, வெசேர் ஆற்றங்கரையில் மொந்திஞாக் என்னும் சிற்றூர் உண்டு. இரண்டாம் உலகப்போர் மூண்டு, பிரான்சு ஜேர்மனியிடம் தோல்வியுற்றுச் சில மாதங்களே கழிந்திருந்த காலம் அது. 1940 ஆம் ஆண்டு செத்தெம்பர் 12 ஆம் நாள், பதினெட்டு வயதைத் தாண்டாத இளைஞர் நால்வர் அவ்வூர்க் காட்டிலிருந்த குழியொன்றை அகலப்படுத்தி, கைவிளக்குடன் உள்ளே இறங்கினர். மாசேல் ரவிதா, ஜாக் மார்சால், ஜோர்ஜ் அஞ்ஞேல், சீமோன் கோவென்காஸ் என்பன அவர்களின் பெயர்கள். விளக்கொளி சுவரிற் பட்டதும் எருதுகளும் குதிரைகளும் மான்களும் உயிர்பெற்று ஓடுவனபோல அவர்கள் கண்முன் தோன்றின. செங்காவி, மஞ்சட்காவி, கருமை என்னும் மூன்று நிறங்களைக்கொண்டே அவற்றை ஆக்கியிருந்தனர் ஆதிமனிதர். ஓர் எருதின் நீளம் 5 மீற்றருக்கு மேல். வரைந்தனவும் கீறினவுமாக அக்குகையில் உள்ள உருவங்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் என்பர்.

இளைஞர் தாம் கண்டதைத் தம் ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியரான லெயோன் லாவால் என்பவரிடம் சென்று கூறினர். அவர் செய்த உபதேசம் எம் இளைஞர் மனத்தில் இருத்தற்குரியது. எவரும் சுவரைத் தொடாதபடியும், எதனையும் பெயர்த்துச் செல்லாதபடியும் காவல் செய்யுங்கள் என்பதே அது. அவ்வாறே ரவிதாவும் மார்சாலும் குகைவாயிலிற் கூடாரமடித்துக் காவலிருந்தனர். சில நாட்களில் அக்காலத்துப் பேரறிஞரான துறவி புறோய் அவ்விடம் வந்து பார்த்து, ஓவியங்களின் தொன்மையை உறுதிசெய்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே பிரெஞ்சு அரசு குகையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிவுசெய்தது. அதுவே லாஸ்கோக் குகை.

இத்துணை நீண்ட காலம் இவ்வோவியங்கள் எவ்வாறு நிலைத்தன? குகைக்கு மேலே நீர் எளிதிற் புகாத மண்படை ஒன்று கூரைபோல் அமைந்திருந்தது. வாசலோ சரிந்துவிழுந்த கல்லாலும் மண்ணாலும் அடைபட்டிருந்தது. உள்ளே வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. ஒளியில்லை, காற்றோட்டம் மிகமிகச் சிறிது. அடைபட்டுக் கிடந்ததாலேயே குகை பிழைத்தது.

எம் சைவ உலகிலும் இதற்கு ஒத்த செய்தியுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியப் படைக்குக் கீழே சோழர்கால ஓவியங்கள் இருப்பதை 1931 இல் கோவிந்தசாமி என்னும் பேராசிரியர் கண்டறிந்தார். மேற்படை மறைத்திருந்தமையே கீழ்ப்படையின் காப்பாயிற்று. மறைவு சில வேளைகளில் மாபெரும் காவல் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மூச்சு செய்த வேலை

போர் முடிந்தபின், லாஸ்கோவைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முயற்சி தொடங்கியது. வாசல் அகலப்படுத்தப்பட்டது, மண்ணும் கல்லும் அகற்றப்பட்டன, நிலம் தாழ்த்தப்பட்டது, படிகள் கட்டி மின்விளக்குகள் இட்டனர். 1948 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குகை திறக்கப்பட்டது. முன்னர்க் காவலிருந்த ரவிதாவும் மார்சாலும் வழிகாட்டிகளாயினர். உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். 1955 அளவில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே சென்று வந்தனர்.

இனி, மனித உடல் ஒன்று குகைக்குள்ளே செய்யும் வேலையைச் சிறிது கவனிப்போம். நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு, வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அம்மூச்சில் நீராவியும் உண்டு. எம் உடலின் வெப்பமோ 37 பாகை. குகையின் வெப்பம் 12, 13 பாகை மட்டுமே. வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த பாறையிற் பட்டதும் பனித்துளிபோல் நீர் படிகின்றது. அந்நீரிற் காபனீரொட்சைட்டுக் கரைய, மெல்லிய அமிலம் ஒன்று உண்டாகின்றது. லாஸ்கோவின் சுவரோ சுண்ணாம்புக்கல். அமிலம் சுண்ணாம்பை அணுவணுவாய்க் கரைக்கின்றது. பின்னர் நீர் உலரும்போது கரைந்த சுண்ணாம்பு வெண்படலமாகச் சுவரிற் படிந்து ஓவியத்தை மூடுகின்றது. ஒருவர் மூச்சினால் வருவது ஒன்றுமில்லை. ஆயிரம் பேர், அடுத்த நாள் ஆயிரம் பேர், அதற்கடுத்த நாள் ஆயிரம் பேர் என்று வருவதனாலேயே வினை முற்றுகின்றது. எறும்பூரக் கல்லும் தேயும் என்பது வெறும் பேச்சன்று.

மூச்சோடு நின்றதா? வந்தோரின் பாதணிகளில் ஒட்டிக்கொண்டு வெளிமண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் உள்ளே புகுந்தன. இருளிலே வாழமாட்டாத அல்காக்களுக்கு மின்விளக்கு ஞாயிறாயிற்று. 1950 களின் பிற்பகுதியிற் காற்றைச் சுத்தப்படுத்தப் பொறி அமைத்தனர், பயன் போதவில்லை. 1960 இல் சுவரிற் பச்சைப் புள்ளிகள் தோன்றிப் பரவின. வெண்மையாய்ப் படிந்த சுண்ணாம்பு 'வெள்ளை நோய்' என்றும், பசுமையாய்ப் பரவிய அல்கா 'பச்சை நோய்' என்றும் பெயர்பெற்றன. ஈற்றில், 1963 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், அப்போது பண்பாட்டு அமைச்சராயிருந்த எழுத்தாளர் அந்திரே மால்ரோ குகையைப் பொதுமக்களுக்கு மூடுமாறு கட்டளையிட்டார்.

மூடியதும் நோய் தீர்ந்ததா?

தீர்ந்ததென்றால் இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். மருந்திட்டுப் பச்சை நோயை அடக்கினர். அதன்பின் மிகச் சிலரே, அதுவும் காலணிகளை மருந்துநீரில் தோய்த்தபின், உள்ளே விடப்பட்டனர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் குகை அமைதியாய் இருந்தது. ஆயின் வாசலை வெட்டி அகலப்படுத்திய நாளிலேயே குகையின் பழைய காற்றோட்டம் மாறிவிட்டது. மாறியதைச் சரிசெய்யப் பொறி வேண்டியிருந்தது. பொறி பழையதாகப் புதுப்பொறி வேண்டியிருந்தது. புதுப்பொறி அமைக்கும் வேலை முடிந்ததையடுத்து, 2001 இல் வெண்ணிறப் பங்கசு ஒன்று குகையின் நிலத்திலும் சுவர்களிலும் பஞ்சுபோலப் படர்ந்தது. சுண்ணாம்புத் தூளை நிலத்திற் பரப்பியும், பங்கசுகொல்லிகளைப் பூசியும் அதனோடு போராடினர். அது அடங்கியபின் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. முன்னாளில் நோயைத் தடுக்க இட்ட மருந்துகளே வலிய கிருமிகளை விட்டுவைத்து எளியவற்றை அழித்து, புதிய நோய்க்கு இடம்வகுத்தன என்று ஆய்வாளர் கூறுகின்றனர்.

தொன்மையான ஒன்றின் சமநிலையை ஒருமுறை குலைத்தால், கதவை அடைப்பதால் மட்டும் அது மீளாது. உடைந்த மண்பானையை ஒட்டலாம். உடையாத பானை ஆக்க முடியாது. காலங்கடந்து மூடுவதிலும் காலத்தோடு அளவுகட்டுவதே அறிவு.

ஸ்பெயின் தேசத்து அல்த்தமீராக் குகையும் இதே பாடத்தைக் கற்பித்தது. 1973 ஆம் ஆண்டில் மட்டும் 1,70,000 க்கு மேற்பட்டோர் அங்கு சென்றனர். 1977 இல் அது மூடப்பட்டது. 1982 இல், ஆண்டுக்கு 8,500 பேர் மட்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் மீண்டும் திறக்கப்பட்டது. 2002 இல் திரும்பவும் மூடப்பட்டது.

பிறர் பட்ட அடியைத் தாம் படாமலே கற்றோரும் உளர். பிரான்சிலே 1994 திசெம்பரில் ஷோவே என்னும் குகை கண்டுபிடிக்கப்பட்டது. அதிலுள்ள ஓவியங்கள் லாஸ்கோவினும் மிகப் பழையன; முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டன. அக்குகை ஒரு நாளேனும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. கண்டுபிடித்தவர்களே மிதித்த இடத்தையன்றிப் பிற இடத்தை மிதியாது நடந்தனர். லாஸ்கோ பட்ட துன்பம் ஷோவேக்குக் கவசமாயிற்று.

காண்பது வேண்டாம் என்பதா?

இவற்றைக் கேட்டதும், "அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு அல்த்தமீராவின் முற்பகுதிக் கதையைச் சொல்லவேண்டும்.

1879 இல் சவுத்துவோலா என்னும் நிலக்கிழார் அக்குகையில் அகழ்ந்துகொண்டிருந்தபோது, உடன்சென்ற அவருடைய சிறுமகள் மரியா நிமிர்ந்து பார்த்து மேற்றளத்தில் எருமைகள் தெரிவதைக் கண்டாள். அடுத்த ஆண்டு அவர் அதனை நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞருட் பெரும்பாலார் நம்ப மறுத்தனர். காட்டுமிராண்டிகள் என்று தாம் எண்ணிய ஆதிமனிதர் இத்துணை அழகாய் வரைந்திருப்பரா என்பது அவர்தம் ஐயம். போலி ஓவியம் செய்வித்தவர் என்னும் பழியோடு 1888 இல் சவுத்துவோலா இறந்தார். பிற குகைகளிலும் இவ்வாறான ஓவியங்கள் அகப்பட்டபின், முன்னர் மறுத்தோருள் முதல்வரான கார்த்தையாக் என்பவர் 1902 இல் தம் பிழையை எழுத்திலே ஒப்புக்கொண்டார். அதற்குள் சவுத்துவோலா மாண்டு பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு பார்க்க மறுத்ததால் நேர்மையான மனிதர் ஒருவரின் பெயர் கெட்டது.

ஆகவே காண்பது வேண்டும். கண்டவனே மதிப்பான், மதித்தவனே காப்பான். மொந்திஞாக் இளைஞர் தம் கண்ணாற் கண்டிராவிட்டால் குகைவாயிலிற் காவலிருந்திருப்பரா? காண்பது நன்றா தீதா என்று கேட்பதை விட்டு, எத்தனை பேர், எவ்வாறு, எவ்விடத்தைக் காண்பது என்றே கேட்கவேண்டும்.

எம் நாட்டுப் பாறையும் எழுதப்பட்ட சுவரும்

இனி எம் இலங்கைக்கு வருவோம். சீகிரியாக் குன்றின் ஓவியங்கள் லாஸ்கோவைப்போல் ஆழ்குகையில் உள்ளவை அல்ல, கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்தில், செங்குத்தான பாறையின் இடைக்குடைவிலே சுதைபூசி வரையப்பட்டவை. அங்கே காற்று இயல்பாக வீசுகின்றது. ஆதலின் மூச்சு பெரும்பகையன்று. அங்கே அஞ்சவேண்டியது மனிதரின் கையையே.

ஓவியக் குடைவுக்குக் கீழே, பாதையின் ஓரமாகச் செல்லும் சுவரைக் கண்ணாடிச்சுவர் என்பர். சுண்ணச்சாந்து பூசிப் பளபளக்கத் தேய்த்த சுவர் அது. காசியப்பன் மறைந்தபின் நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கு வந்தோர், மேலே தெரிந்த ஓவிய மங்கையரைக் கண்டு வியந்து, அச்சுவரிலே நுண்ணிய எழுத்திற் கவிகளைக் கீறிச்சென்றனர். தம் பெயரையும் ஊரையும் குறித்தோரும் பலர். பேராசிரியர் பரணவிதான பல்லாண்டு உழைத்து அவற்றுள் 685 கவிகளை வாசித்து, 1956 இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றிற் பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டுவரை எழுந்த சிங்களச் செய்யுள்கள். அம்மொழியின் பழைய இலக்கியத்துக்கு அவை கிடைத்தற்கரிய சான்றாகும்.

இங்கேதான் சிந்தனைக்குரிய சிக்கல் எழுகின்றது. 2015 ஆம் ஆண்டில் அதே சுவரில் எழுத்துக் கீறிய இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். ஆயிரம் ஆண்டுக்கு முன் கீறியவன் புலவன். இன்று கீறியவர் குற்றவாளி. இது நீதியாகுமா என்று இளைஞர் கேட்பின் மூத்தோர் என்ன விடை கூறுவர்?

"சட்டம் அப்படி" என்பது விடையாகாது. விடை வேறு. முதலாவது, அன்று வந்தோர் தொகை சிறிது. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அச்சுவரைக் கடந்து செல்கின்றனர். நூற்றில் ஒருவர் கைவைத்தாலும் சில ஆண்டுகளிற் சுவரில் எழுத்தே எஞ்சாது. இரண்டாவது, அன்று சுவர் வெறுஞ்சுவர். இன்று அது நிறைந்த ஏடு. புதிதாய் ஒரு கோடு கீறுபவர் பழைய எழுத்தொன்றை வெட்டியே கீறுகின்றார். ஏட்டுச்சுவடியின்மேல் எழுத்தாணியால் தம் பெயரை எழுதுவோரை நாம் புலவர் என்போமா? மூன்றாவது, அன்றையோர் கண்டதைப் பாடினர். இன்றையோர் பெரும்பாலும் 'நான் வந்தேன்' என்று மட்டுமே எழுதுகின்றனர்.

ஆயினும் முழுப்பழியையும் இளைஞர் தலையிற் சுமத்துதல் தகாது. பிரயாணத்துக்குப் பணம் சேர்க்கின்றோம், பஸ்வண்டி ஒழுங்கு செய்கின்றோம், சோற்றுப்பொதி கட்டுகின்றோம். அச்சுவர் யாது, அதன் எழுத்து யாது என்று ஏறுமுன் அரைமணி நேரமாவது சொல்லிக்கொடுக்கின்றோமா? சொல்லிக்கொடாத மூத்தோருக்கும் அக்கீறலிற் பங்குண்டு.

பெயர்கீறும் நோய் படியாதோர்க்கு மட்டும் உரியதன்று. அஜந்தாக் குகைகளை 1819 இல் வேட்டையின்போது கண்டு வெளியுலகுக்கு அறிவித்த ஆங்கிலப் படையதிகாரி ஜோன் சிமித், பத்தாம் குகையின் ஓவியச் சுவரில் தம் பெயரையும் அந்நாளையும் கீறிவைத்தார். கண்டுபிடித்தவரே முதற்காயத்தையும் செய்தார்.

பகைநோக்கோடு கைவைத்தோரும் உளர். 1967 ஒக்ரோபர் மாதத்தில், இரவில் எவரோ சீகிரியாக் குடைவுக்குள் ஏறி ஓவியங்கள்மீது நிறப்பூச்சை அப்பிச் சிலவற்றைச் சிதைத்தனர். இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரன்சி என்னும் நிபுணர் எம் நாட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்தாருடன் சேர்ந்து மிகப் பொறுமையோடு அப்பூச்சை நீக்கினார். ஓரிரவின் கொடுமையைத் துடைக்க நெடுநாள் உழைப்பு வேண்டியிருந்தது. இன்று காவல் உண்டு. ஓவியங்களைப் படம்பிடிப்பதும் தடுக்கப்பட்டுள்ளது.

சீகிரியாவுக்காவது காவல் உண்டு. தந்திரிமலை போன்ற இடங்களில் வேடர்குலத்து முன்னோர் வரைந்த எளிய உருவங்கள் உள. அவற்றில் அரசனும் இல்லை, அழகியரும் இல்லை. மனிதன், விலங்கு என்று சில கோடுகளே. இவ்வகை ஓவியங்கள் எம் காட்டுப்பகுதிப் பாறைநிழல்கள் பலவற்றில் உண்டு. தமக்கென்று ஏட்டிலக்கியம் இல்லாத மக்கள் விட்டுச்சென்ற கையெழுத்து அதுவே. புகழ்பெற்ற இடத்தைக் காவலாளன் காப்பான். புகழில்லாத இடத்தைப் பண்பாடு ஒன்றே காக்கவேண்டும்.

வாசல் யாருக்கு?

வாசலை அடைத்தல் என்னும் சொல்லைக் கேட்டதும் எம் மூத்தோர் நெஞ்சில் வேறொரு நினைவும் எழும். பிறப்பைக் காட்டிச் சிலருக்குத் திறந்தும் சிலருக்கு அடைத்தும் கோயிற்கதவுகள் இருந்த காலத்தை அவர்கள் அறிவர். 1968 இல் மாவிட்டபுரத்துக் கந்தன் வாசலில் நிகழ்ந்ததை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. 'புனிதத்தைக் காக்கின்றோம்' என்றே அன்று கதவை அடைத்தோர் கூறினர். ஆகவே 'காப்பதற்காக மூடுகின்றோம்' என்று எவர் கூறினும், யாருக்கு மூடுகின்றீர் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. பொதுமக்களுக்கு மூடிய வாசல், செல்வருக்கும் அதிகாரத்தில் உள்ளோர்க்கும் பின்பக்கமாகத் திறக்குமாயின், அது பாதுகாப்பன்று. பழைய அநீதியின் புதிய வடிவம்.

இதற்கு அல்த்தமீராவில் ஒரு வழி கண்டனர். 2014 இல் குகையின் நிலையைச் சோதிக்கும் நோக்குடன், அருங்காட்சியகத்துக்கு வந்தோருள் வாரத்துக்கு ஐவரைத் திருவுளச்சீட்டு முறையில் தெரிந்தெடுத்து, காப்புடை அணிவித்து, 37 நிமிட நேரம் மட்டும் உள்ளே அழைத்துச் சென்றனர். பணம் படைத்தவரும் பணமற்றவரும் ஒரே குடத்துச் சீட்டுக்களாயினர். பாறை தாங்கும் அளவே வாசலின் அளவு. அவ்வளவுக்குள் யாவரும் சமம். இவ்விரண்டு விதியும் இணைந்தாலன்றி மூடுதல் அறமாகாது.

எஞ்சியோர் காணும் வழி என்ன? இதற்கு எம் கோயில் வழக்கிலேயே விடையுண்டு. மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. அங்கே புகுவோரும் மிகச் சிலர். ஆயின் திருவிழா வந்ததும் உற்சவமூர்த்தி வீதிக்கு எழுந்தருளுகின்றார். நடக்கமாட்டாத கிழவியும் படலையடியில் நின்று கைகூப்புகின்றாள். தேரிலே வரும் திருவுருவை 'இது மூலவர் அன்று' என்று இகழ்வார் எவரும் இல்லை. பிரான்சு தேசத்தார் செய்ததும் இதனை ஒத்ததே. லாஸ்கோவின் இருபெரும் பகுதிகளை அளவு பிசகாமல் அமைத்து, மூலக்குகைக்கு 200 மீற்றர் தொலைவிலே 1983 இல் திறந்தனர். ஆதிமனிதர் கையாண்டவற்றை ஒத்த நிறப்பொருள்களைக்கொண்டே மொனிக் பெயித்திரால் என்னும் ஓவியர் பல்லாண்டு உழைத்து அதனை வரைந்தார். ஏறக்குறையக் குகை முழுவதையும் காட்டும் பெரிய பிரதி ஒன்று 2016 திசெம்பரில் மொந்திஞாக்கிலே திறக்கப்பட்டது. அல்த்தமீராவுக்கு 2001 இலும் ஷோவேக்கு 2015 இலும் பிரதிகள் எழுந்தன.

உவமை முற்றும் பொருந்தாது என்பதை நாம் அறிவோம். உற்சவமூர்த்தியில் இறைவன் சாந்நித்தியம் உண்டு. ஓவியப் பிரதியிலே ஆதிமனிதன் கைபட்ட சுவடு இல்லை. பிரதியைக் கண்டவர்க்கு மூலத்தைக் காணும் ஏக்கம் மிஞ்சவே செய்யும். அவ்வேக்கம் தீயதன்று. எட்டி நின்று வணங்கக் கற்பதும் சமயம் எமக்குக் கற்பித்த ஒழுக்கமே. காண விரும்பும் பொருளைக் காணாமல் விட்டு, இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்காக வைத்துச்செல்வதும் ஒருவகைத் தியாகம்.

இளைஞர் செய்யத்தக்கவை

ஈற்றில் எம் இளைஞரை நோக்கிச் சில சொற்கள் கூறி முடிப்போம். தொன்மை இடங்களுக்குச் செல்லுமுன், அவ்விடத்தைப் பற்றி ஒருவர் படித்து ஏனையோர்க்குச் சொல்லட்டும். பெருங்கூட்டமாய் ஒருங்கே புகாது, சிறு குழுக்களாய்ப் பிரிந்து, அமைதியாய்ச் செல்லுங்கள். ஓவியத்தையோ எழுத்தையோ விரலாலும் தொடாதீர்கள். விரலின் எண்ணெயும் வியர்வையும் நிறத்துக்குப் பகை. மங்கிய கோடுகள் துலங்கட்டும் என்று நீர் தெளிப்பதும், வெண்கட்டியால் ஓரம் தீட்டுவதும் சிலர் வழக்கம். இரண்டும் ஓவியத்தைக் கொல்லும் செயல்கள். பாறை ஓரத்தில் தீமூட்டிச் சமைக்காதீர்கள். புகை படிந்த இடம் மீளாது. காட்டிலே காவலற்ற பாறையொன்றிற் கோடுகளோ எழுத்துக்களோ கண்டால், கைத்தொலைபேசியிற் படம் எடுத்து இடத்தின் பெயரோடு ஊரெல்லாம் பரப்புமுன், தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நீங்கள் பரப்பும் ஒரு படம் அடுத்த வாரம் ஆயிரம் கால்களை அங்கே கொண்டுவரும்.

மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். மொந்திஞாக் இளைஞர் நால்வரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். தாம் கண்டதை ஓடிச்சென்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், காவல் செய்யுங்கள் என்று அவர் சொன்னார், அவர்களும் செய்தனர். நால்வருள் இளையவர்களில் ஒருவரான மார்சால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்குகையின் பணியிலேயே கழித்தார். அத்தகைய இளைஞர் எம் ஊர்களிலும் உளர். அவர்கள் ஓடிவந்து சொல்லும்போது, இருந்து கேட்டு, நல்வழி கூறும் லாவால் ஆசிரியர்களாக எம் பெரியோர் விளங்குவாராக. அங்ஙனமாயின், கல்லடிக்குத் தப்பி எம் காலம்வரை வந்த இச்செல்வங்கள் கண்ணடிக்கும் தப்பி, எமக்குப் பின் வருவோர் கையிற் சென்று சேரும்.